திண்ணைத் தோழர்களும் நடைமேடைப் பிள்ளைகளும்

சுப்ஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினார், ஹவ்ளின் ஓரத்தில் ஒரு சிறுவன் சுருண்டு படுத்திருப்பதைக் கண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், இரயில் சந்திப்பு நிலையம் ஒன்றை அடுத்திருந்த பள்ளிவாசலில் நான் இமாமாகப் பணியாற்றிய காலம் அது. பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். தொழுகை முடிந்ததும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அவனைச் சூழ்ந்துகொண்டோம். "எந்த ஊர்? யார் பிள்ளை? ஏன் ஓடி வந்தாய்? எதையேனும் எடுத்துக்கொண்டு வந்தாயா?" என்று ஆளுக்கொரு கேள்வியாகத் தொடுத்தோம். அவன் வாய் திறக்கவில்லை. பெரியவர் ஒருவர் பரிவோடு அவன் தலையைத் தடவிக் கொடுக்கக் கையைத் தூக்கினார். அவனோ இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டினான். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார் அருகில் நின்றவர். நானும் அவ்வாறே எண்ணினேன்.

காலைப் பசியாற இட்டலி வாங்கிக் கொடுத்தோம். நான்கைத் தின்ற பின், எஞ்சிய இரண்டை இலையோடு சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான். "இறையில்லத்தில் இருந்துகொண்டு இப்படி ஒளித்து வைக்கலாமா?" என்று நான் அவனைக் கண்டித்தேன். லுஹருக்கு வந்து பார்த்தபோது அவன் இல்லை. எந்த வண்டியில் ஏறினான், யார் கையில் அகப்பட்டான் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் தீங்கு ஏதும் நினைக்கவில்லை. எனினும் எங்கள் நடத்தையே அவனை விரட்டிவிட்டது. எங்களுக்கு இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைக் காட்டும் வகைதான் தெரியவில்லை. அந்த வகையைப் பற்றியே இந்த வெள்ளிக்கிழமை சில சொற்கள் எழுத விழைகிறேன்.

வீடு என்பதே அச்சமாகும்போது

வீடற்ற பிள்ளைகள் என்றால் பெற்றோரை இழந்தவர்கள் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். இரயில் நிலையங்களில் திரியும் பிள்ளைகளுள் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடு இருக்கின்றனர். குடித்துவிட்டு வந்து அடிக்கும் தந்தை, தாயின் மரணத்திற்குப் பின் மாறிப்போன குடும்பம், பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம், முதலாளியின் கொடுமை, வெளியே சொல்ல முடியாத பாலியல் தீங்கு, கொடிய வறுமை எனக் காரணங்கள் பலவாகும். பட்டணம் பார்க்கும் ஆசையால் வண்டியேறியவர்களும் உண்டு.

இவர்களின் தொகை சிறிதன்று. இரயில்வே பாதுகாப்புப் படையினர் 'நன்ஹே ஃபரிஷ்தே', அதாவது 'சின்னஞ்சிறு மலக்குகள்' என்னும் பெயரில் நடத்திவரும் பணியின் வழியாக, 2018 தொடங்கி 2024 வரையிலான ஏழாண்டுக் காலத்தில் நாடெங்கும் 84,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மீட்டிருக்கின்றனர். நிலையங்களிலும் ஓடும் வண்டிகளிலும் கண்டெடுக்கப்பட்டவர்களின் கணக்கு மட்டுமே இது. பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் தர்காக்களின் வாசல்களிலும் கோயில்களின் மண்டபங்களிலும் உறங்குவோர் இதில் சேரார்.

இப்பிள்ளைகளின் உள்ளத்தில் ஏற்படும் காயத்தைப் பற்றி மருத்துவ உலகம் இன்று நிரம்ப அறிந்திருக்கிறது. வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் அமெரிக்க மருத்துவர்கள் தம் குழுவினருடன் செய்த பேராய்வு 1998-ஆம் ஆண்டு வெளிவந்தது. குழந்தைப் பருவத்தில் அடி, வசை, பாலியல் தீங்கு, வீட்டுக்குள் வன்முறை போன்றவற்றுக்கு ஆளானவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் தற்கொலை முயற்சியும் மட்டுமின்றி, இதய நோய் போன்ற உடல் நோய்களும் கூடுதலாக வருவதை அது காட்டியது. பட்ட துன்பங்களின் வகை கூடக்கூட இந்த ஆபத்தும் கூடியது.

ஓயாமல் ஆபத்துக்குள் வாழ்ந்த பிள்ளையின் உடல், ஆபத்து நீங்கிய பிறகும் காவலைக் கைவிடுவதில்லை. பரிவோடு உயரும் கையும் அடிக்க ஓங்கும் கையும் அதற்கு ஒன்றாகவே தோன்றும். நாளைய உணவுக்கு உறுதியில்லாமல் வளர்ந்தவன் இன்றைய உணவைப் பதுக்குகிறான். உண்மையைச் சொல்லி அடி வாங்கியவன் பொய்ப் பெயர் சொல்கிறான். இருட்டில் தீங்கு நேர்ந்தவன் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறான். அதட்டலைக் கேட்டால் சிலர் எதிர்த்துப் பாய்வர், சிலர் ஓடிவிடுவர், இன்னும் சிலர் கல்லாய்ச் சமைந்து நிற்பர். பஞ்சர் ஒட்டும் பசையை முகர்ந்து பசியையும் நினைவையும் மறப்போரும் உண்டு. நாம் இவற்றைத் திருட்டு, பொய், சோம்பல், திமிர் என்று பெயரிட்டு அழைக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை உயிர் பிழைப்பதற்குக் கற்றுக்கொண்ட வழிகள் இவை.

ஆகவேதான், இத்துறையில் பணிபுரிவோர் "உனக்கு என்ன கேடு?" என்ற மனப்பான்மையை விட்டுவிட்டு, "உனக்கு என்ன நேர்ந்ததோ?" என்ற எண்ணத்தோடு பிள்ளையை நோக்க வேண்டும் என்கின்றனர். அமெரிக்க அரசின் மனநலத்துறை 2014-இல் இதற்கு ஆறு நெறிகளை வகுத்தளித்தது. பாதுகாப்பு, நம்பத்தக்க ஒளிவுமறைவற்ற நடத்தை, ஒத்த துயர் பட்டவர்களின் துணை, சேர்ந்து செயலாற்றுதல், பிள்ளையின் குரலுக்கும் தேர்வுக்கும் மதிப்பு, அவனது பண்பாட்டையும் பாலினத்தையும் பற்றிய கவனம் என்பவையே அவை.

மதீனாவின் திண்ணை

மருத்துவர்கள் நெடுங்காலம் உழைத்துக் கண்டவற்றையெல்லாம் நம் நூல்களில் முன்னரே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களின் உழைப்புக்குரிய பெருமை அவர்களைச் சாரட்டும். ஆயினும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வை ஓதி வளர்ந்த நமக்கு இந்நெறிகள் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

பெருமானார் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர்கள். ஆறு வயதில் தாயை இழந்தவர்கள். எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரிய தந்தை அபூதாலிபின் நிழலில் வளர்ந்தவர்கள். திருமறையின் 93-ஆம் அத்தியாயமான 'அள்ளுஹா', அநாதையாக இருந்த அவர்களுக்கு இறைவன் புகலிடம் அளித்ததை நினைவூட்டிவிட்டு, அதன் தொடர்ச்சியாகவே அநாதையிடம் கடுமை காட்டலாகாது என்றும் கேட்டு வருபவனை விரட்டலாகாது என்றும் பணிக்கிறது. தாம் பட்ட துயரின் நினைவே பிறர் துயரை அறியும் கண்ணாகின்றது.

மதீனாப் பள்ளியில் தொழும் திசை கஃபாவை நோக்கி மாறிய பிறகு, வடபுறத்தில் கூரையிட்ட ஓர் இடம் அமைந்தது. 'சுஃப்பா' எனப்பட்ட அத்திண்ணையில் வீடோ உறவோ பொருளோ இல்லாத தோழர்கள் தங்கினர். எழுபது பேரைத் தாம் அங்குக் கண்டதாகவும் அவர்களில் ஒருவருக்கும் மேலாடை இருந்ததில்லை என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இறையில்லத்தின் மதிப்புக்கு இவர்களால் குறைவு வருமென்று எவரும் கருதவில்லை. இருவருக்கு உணவு வைத்திருப்பவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் மூவரை அழைத்துச் சென்றார்கள்; நாயகம் அவர்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்றார்கள். திண்ணை தங்குமிடமாக இருந்தது. உணவும் உறவும் வீடுகளில் கிடைத்தன. விடுதியில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும், குடும்பச் சூழலையே முதலில் நாட வேண்டும் என்று நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் கூறுகிறது.

அத்திண்ணையில் பசியோடு கிடந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், ஒரு நாள் மக்கள் நடமாடும் வழியில் வந்து அமர்ந்தார்கள். அவ்வழியே வந்த அபூபக்ர் (ரலி) அவர்களிடம் திருமறை வசனம் ஒன்றைப் பற்றி வினவினார்கள். அவ்வசனம் அவர்கள் அறியாததன்று. கேள்வியைச் சாக்கிட்டு வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளிப்பார்கள் என்ற ஆசைதான். அபூபக்ர் (ரலி) அவர்கள் விடை கூறிவிட்டுச் சென்றார்கள். பின்னர் வந்த உமர் (ரலி) அவர்களிடமும் அவ்வாறே நடந்தது. அடுத்து வந்த அண்ணலாரோ முகத்தைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள், உள்ளத்தில் இருப்பதை அறிந்துகொண்டார்கள். தம் இல்லத்திற்கு வந்திருந்த பாலை, திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்துவரச் செய்து, அபூஹுரைராவின் கையாலேயே பரிமாறச் செய்தார்கள். எல்லோரும் வயிறார அருந்திய பிறகு அவர்களையும் அமர்த்திப் போதும் போதும் என்னும் வரை பருகச் செய்து, எஞ்சியதைத் தாம் கடைசியாக அருந்தினார்கள்.

சிறந்த தோழர்களான இருவரும் கேட்ட கேள்விக்கு விடையளித்தார்கள். கேளாத தேவையை நாயகம் (ஸல்) அவர்கள் முகத்தில் படித்தார்கள். நடைமேடைப் பிள்ளையும் அப்படித்தான். "மணி என்ன ஆகிறது?" என்று கேட்பான், "இந்த வண்டி எங்கே போகிறது?" என்று கேட்பான். அவன் கேட்க வந்தது வேறாக இருக்கும். அன்றியும், பசித்தவரையே பரிமாறுபவராக்கி மதிப்பளித்ததும் எண்ணத்தக்கது. அந்தத் திண்ணைவாசியிடமிருந்தே 5,374 நபிமொழிகள் நமக்குக் கிடைத்திருப்பதாக அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர்.

அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதுச் சிறுவராக அண்ணலாரின் பணிக்கு வந்தார்கள். பத்தாண்டுகள் பணிபுரிந்தும், தம்மைச் சலித்துக்கொண்டு ஒரு சொல்லும், ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியும் பெருமானாரின் வாயிலிருந்து வந்ததே இல்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். அன்று ஹவ்ளின் ஓரத்தில் நாங்கள் கேட்டவையோ அனைத்தும் 'ஏன்' என்பவைதாம்.

கையில் எடுத்தவர் யார்?

அன்பு மட்டும் போதும் என்று இருந்துவிடலாகாது. வழி தவறி நிற்கும் பிள்ளையை முதலில் அணுகுபவர்களுள் தீயவர்களும் இருப்பார்கள். வேலை வாங்கித் தருவதாகக் கூறி அழைத்துச் செல்பவர்கள், பிச்சைக்கும் விபச்சாரத்திற்கும் விற்பவர்கள் ஆகியோர் நம்மினும் இனிமையாகவே பேசுவார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அபூஜமீலா என்பவர் கைவிடப்பட்ட குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். கலீஃபா உடனே பாராட்டிவிடவில்லை. இதை ஏன் எடுத்தீர் என்று வினவினார்கள். குழந்தை அழிந்துபோகும் நிலையில் கிடந்ததாக அவர் கூறினார். அவருடைய கூட்டத்தாரின் பொறுப்பாளர் அவர் நல்லவர் எனச் சான்று கூறிய பின்னரே, குழந்தையை அவர் பொறுப்பில் விட்டார்கள். அக்குழந்தை சுதந்திரமான மனிதன் என்றும் அதன் செலவு அரசைச் சேர்ந்தது என்றும் தீர்ப்பளித்தார்கள். கைவிடப்பட்ட குழந்தை அழிவுக்கு ஆளாகும் என்று அஞ்சப்படும்போது அதை எடுத்துக் காப்பது கடமை என்கிறது நம் ஃபிக்ஹு. எடுத்தவரையும் விசாரிக்க வேண்டும் என்பதை உமர் (ரலி) அவர்களின் செயல் காட்டுகிறது.

இன்றைய சட்டமும் இவ்வாறே அமைந்துள்ளது. உற்றாரின்றித் தனித்து நிற்கும் பிள்ளையைக் காண்பவர் எவராயினும் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்திற்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். பயண நேரம் இதில் சேராது. தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரிய குற்றம். 1996-இல் மும்பையில் தொடங்கப்பட்ட 1098 என்னும் உதவி எண் இன்று அரசின் பொறுப்பில் இயங்குகிறது. கட்டணம் இல்லை, இரவிலும் அழைக்கலாம். குழந்தைகள் நலக் குழு தலைவரையும் நான்கு உறுப்பினர்களையும் கொண்டது. பெண் ஒருவரேனும் அதில் இடம்பெற வேண்டும். பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்தறிந்த பிறகே அவனை எங்கே அனுப்புவது என்று அக்குழு முடிவு செய்யும். "பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே, எந்த அடிக்கு அஞ்சி அவன் ஓடிவந்தானோ அந்த அடியிடமே அவனை அனுப்பியிருக்கக் கூடும் அல்லவா? நம் யத்தீம்கானாக்களும் அந்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

முதல் இரவு

நம் பள்ளிவாசலிலோ வீட்டு வாசலிலோ அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வது? கூட்டம் கூடாதிருக்கட்டும். ஒருவர் பேசினால் போதும். அவர் நின்றுகொண்டு பேசாமல் அவனுக்கு எதிரே சற்று விலகி அமர்ந்து, முதலில் தம் பெயரைச் சொல்லட்டும். மற்றவர் கண்ணில் படும்படியாகவும் பேச்சு அவர்கள் காதில் விழாதபடியாகவும் இடம் அமைய வேண்டும். கேட்காமல் அவனைத் தொட வேண்டாம். தண்ணீரும் உணவும் கொடுத்து, "மீதியை நீயே வைத்துக்கொள், தம்பி, இரவுக்கும் சோறு உண்டு" என்று சொல்லி, சொன்னபடி இரவில் கொடுக்க வேண்டும். கழிப்பறையையும் வெளியேறும் வாசலையும் காட்டிவிடுங்கள். எங்கே படுக்க விருப்பம், விளக்கு எரியட்டுமா என்று அவனையே கேளுங்கள். சிறிய தேர்வுதான்; ஆயினும் தன் விருப்பம் எங்கும் மதிக்கப்படாமல் வளர்ந்தவனுக்கு அது பெரிது.

1098-ஐ அழைக்கும் முன் அவனிடமே சொல்லுங்கள். யார் வருவார்கள், என்ன கேட்பார்கள், எங்கே அழைத்துச் செல்வார்கள் என்பதை மறைக்காமல் கூறுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்காதீர்கள்; காப்பாற்ற இயலாத வாக்கு அவன் நம்பிக்கையை இரண்டாம் முறை உடைத்துவிடும். தனக்கு நேர்ந்த தீங்கை அவனாகச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்டு அதை மீண்டும் மீண்டும் சொல்ல வைக்க வேண்டாம். பாலியல் தீங்கு என அறிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமாகும். தனி ஆள் ஒருவர் அவனைத் தம் அறைக்கு அழைத்துச் செல்வதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது, அவர் எவ்வளவு பெரியவராயினும் சரி, என்னைப் போன்ற ஆலிமாயினும் சரி. பெண் பிள்ளையாயின் பெண்களே உடனிருக்க வேண்டும். "நான் இவனுடைய மாமா" என்று வந்து நிற்பவரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட வேண்டாம். படம் எடுத்துக் கைப்பேசிகளில் பரப்புவதும் கூடாது. அவன் யாரிடமிருந்து தப்பி வந்தானோ அவர்களுக்கே அப்படம் வழி காட்டிவிடும். அவன் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது.

அவன் எந்த மதத்தவனாக இருந்தாலும் அவன் பெயரும் மார்க்கமும் அவனுக்கு உரியவை. சிறு வயதில் கொள்ளையரால் கடத்தப்பட்டு உக்காழ் சந்தையில் விற்கப்பட்ட ஜைத் (ரலி) அவர்கள், அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வழியாக நாயகத்தின் இல்லம் சேர்ந்தார்கள். தந்தை ஹாரிஸா தேடி வந்தபோது, ஈட்டுப் பணம் ஏதுமின்றி, யாரோடு இருப்பது என்று முடிவு செய்யும் உரிமையை ஜைதிடமே விட்டார்கள் பெருமானார். அவர்கள் தங்கிவிடவே விரும்பினார்கள். வளர்த்தவர் எத்துணை உயர்ந்தவராயினும் பிள்ளையைப் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று பின்னர்த் திருமறை பணித்தது. அது முதல் அவர்கள் ஜைத் இப்னு ஹாரிஸா என்றே அழைக்கப்பட்டார்கள்.

பதினெட்டுக்குப் பிறகு

இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பதினெட்டு நிறைந்ததும் ஒரு பெட்டியோடு வாசலுக்கு வெளியே நிற்கும் காட்சியை நான் கண்டிருக்கிறேன். மீண்டும் வீடற்றவர்களாகும் ஆபத்து அவர்களுக்கே மிகுதி. 21 வயது வரை பிற்காப்பு உதவி வழங்கச் சட்டத்தில் இடமுண்டு. நம் மார்க்கத்திலோ, பருவம் அடைந்துவிட்டான் என்பதற்காக மட்டும் யத்தீமின் பொருளை அவன் கையில் கொடுத்துவிடக் கூடாது. அவனிடம் பொறுப்பறியும் முதிர்ச்சியைக் கண்ட பிறகே ஒப்படைக்க வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதற்கு 25 வயது வரை எல்லை வைத்தார்கள். பொருளுக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமெனில், பொருளற்ற இளைஞனின் வாழ்வுக்கு எத்துணை வேண்டும்! வாடகைக்கு ஓர் அறை, கற்றுக்கொள்ள ஒரு தொழில், பெருநாள் அன்று சென்று அமர ஒரு வீடு ஆகியவற்றை ஒரு ஜமாஅத் நினைத்தால் கொடுக்க முடியும்.

1988-இல் தில்லியில் தொடங்கப்பட்ட சலாம் பாலக் டிரஸ்டில், தெருவில் வளர்ந்த இளைஞர்களே புது தில்லி இரயில் நிலையப் பகுதியைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளாக விளங்கியிருக்கிறார்கள். தாங்கள் உறங்கிய இடங்களைப் பற்றி அவர்களே பேசுகிறார்கள். அவர்களைப் பார்க்கும் புதிய பிள்ளைக்குத் தனக்கும் ஒரு வழி உண்டு என்பது புலப்படும்.

ஒவ்வொரு ஜமாஅத்தையும் நான் வேண்டிக்கொள்வது மிகையானதன்று. 1098 என்னும் எண்ணை ஹவ்ளின் சுவரில் எழுதி வையுங்கள். இத்தகைய பிள்ளை வந்தால் பேசுவதற்கென ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் தேர்ந்தெடுத்து, மேற்சொன்னவற்றை அவர்களுக்குக் கற்பியுங்கள். மோதினாருக்கும் காவற்காரருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ஏனெனில் சுப்ஹுக்கு முன் அவனைக் காண்பவர்கள் அவர்களே.

அந்தப் பையன் உயிரோடிருந்தால் இன்று நாற்பதைத் தாண்டியிருப்பான். அந்த இரண்டு இட்டலிகளை நான் அவனிடமே விட்டிருந்தால் லுஹர் வரையிலேனும் இருந்திருப்பானோ என்று இன்றும் எண்ணுகிறேன். அவனை அல்லாஹ் எங்கிருந்தாலும் தன் காவலில் வைப்பானாக! என் பிழையைப் பொறுத்தருள்வானாக! இனி நம் வாசலுக்கு வரும் பிள்ளையை அறிந்து பேணும் நல்லறிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.